பிரேக் ஆயிலை வீட்டிலேயே மாற்றும்போது கருவியிலும் முறையிலும் செய்யும் தவறுகள்

பிரேக் ஆயில் என்று நாம் கூப்பிடும் பெயரே முதல் தவறுக்கு வழிவிடுகிறது. அது ஆயில் இல்லை. கிளைக்கால் ஈதரில் செய்த, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் திரவம். பெயரை நம்பி, பானெட்டுக்கு அடியில் இந்தத் திரவம் இருக்கும் டப்பாவில் அளவு குறைந்திருக்கிறதே என்று எஞ்சின் ஆயிலையோ பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ ஊற்றினால், மிதியின் அழுத்தத்தைத் திரவத்துக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சக்கரம் வரை இருக்கும் ரப்பர் சீல்கள் ஊறி உப்பிவிடும். பிரேக் பிடித்துக்கொண்டு விடாது, அல்லது கசியும். கழுவிச் சரிசெய்ய வழியில்லை. ரப்பர் உள்ள பாகங்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதுதான். இதே காரணத்தால் ட்யூப், சிரிஞ்ச், பாட்டில் எதையும் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவக் கூடாது.

கடலூர், பாண்டிப் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் திரவம் மாற்றுவதைத் தள்ளிப்போடுவதற்குக் காரணம், ஊரில் ஓட்டும்போது எந்தக் குறையும் தெரியாததுதான். ரோடு எல்லாம் சமதளம். பிரேக் பெரிதாகச் சூடாவதில்லை. ஆனால் ஈரம் பிரேக் ஹோஸ் வழியாகவும் டப்பா மூடி வழியாகவும் மெல்ல உள்ளே போய்க்கொண்டே இருக்கும். டாட் (DOT) என்பது பிரேக் திரவத்தின் தரக் குறியீடு. டாட் 4 திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலையில் அந்த வரம்பு 155 டிகிரி. டாட் 3 என்றால் 205, 140. அந்தக் காரையே எடுத்துக்கொண்டு கொல்லிமலைக்குப் போய், 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கும்போது திரவம் கொதித்து ஆவியாகிறது. ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. மிதி தரை வரை போகும், வண்டி நிற்காது. பெரும்பாலான கார்களுக்கு 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர் என்பது பொதுவான கணக்கு. உங்கள் கார் கையேட்டில் உள்ளதைப் பாருங்கள். கடலோரத்தில் கிலோமீட்டரை விட்டுவிட்டு ஆண்டுக் கணக்கை மட்டும் பிடித்துக்கொள்வது நல்லது. நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கலந்த ஈரம் கண்ணுக்குத் தெரியாது.

வாங்கும் முன் காரிலுள்ள டப்பாவின் மூடியில் அச்சிட்டிருக்கும் டாட் எண்ணைப் பாருங்கள். டாட் 5.1 என்பது டாட் 4-இன் குடும்பம்தான். டாட் 5 சிலிக்கோன், அது வேறு சாதி. எண் அதிகமாக இருக்கிறதென்று அதை ஊற்றினால் இரண்டும் கலக்காது. டாட் 4 கேட்கும் காருக்கு டாட் 3 ஊற்றுவதும் தவறு. சிறிய காருக்குக்கூட ஒரு லிட்டர் வாங்குங்கள். அரை லிட்டரோடு ஆரம்பித்தவர்கள் மூன்றாவது சக்கரத்தில் கடைக்கு ஓட நேரும். போன மழைக்கு முன் திறந்து ஷெட்டில் வைத்த பாதி பாட்டில் வேண்டாம். அது ஈரத்தைக் குடித்துவிட்டது.

இனி ஸ்பேனர். வேலை பாதியில் நின்றுபோகப் பெரும்பாலும் காரணம் இதுதான். பிளீடிங் நிப்பிள், அதாவது ஒவ்வொரு சக்கரத்திலும் பழைய திரவத்தை வெளியேற்றத் திறக்கும் திருகு, சிறியது, பல கார்களில் 8 அல்லது 10 மி.மீ. இங்கே உப்புக்காற்றில் அதன் இழையில் துரு ஏறி, காலிப்பரோடு (டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) ஒட்டிக்கொண்டிருக்கும். வாய் திறந்த டபுள் எண்ட் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் இரண்டே மூலையில் பிடித்து, அறுகோணத்தை உருண்டையாக்கிவிடும். கட்டிங் பிளேயரை வைத்துத் திருகுவது அதைவிட மோசம். முதல் முறை தளர்த்த ஆறு முனை சாக்கெட், அதற்குப் பிறகு அதே அளவு ரிங் ஸ்பேனர். முந்தைய நாள் இரவே நிப்பிளைச் சுற்றிக் கம்பி பிரஷால் தேய்த்து, துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள். காலையில் சுத்தமாகத் துடைத்துவிட்டு, சிறிய சுத்தியலால் நிப்பிளின் தலையில் நேராக நாலு தட்டு. பிறகு சாக்கெட்டில் கொஞ்சம் இறுக்கும் பக்கம் அசைத்து, அப்புறம் தளர்த்தும் பக்கம். அசையவே இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். நிப்பிள் உள்ளே முறிந்தால் காலிப்பரையோ, டிரம் பிரேக் என்றால் அதற்குள் இருக்கும் வீல் சிலிண்டரையோ கழற்றித்தான் ஆக வேண்டும்.

நிப்பிளின் மேலிருக்கும் சின்ன ரப்பர் தொப்பியை யாரும் மதிப்பதில்லை. அது தொலைந்த காரில் ஓட்டைக்குள் மண்ணும் உப்பும் அடைத்திருக்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் பாண்டி அருகே கரை கடந்தபோது தெருத் தண்ணீரில் நின்ற வண்டிகளில் இதைத் தேடிப் பாருங்கள். நான்கு தொப்பி புதிதாக வாங்கிப் போட்டால் அடுத்த முறை ஸ்பேனர் சண்டை இருக்காது.

பழைய திரவத்தை வெளியேற்ற எந்த முறை என்பதில்தான் காசு வீணாகிறது. கையால் இழுக்கும் வேக்குவம் பம்ப் ஆசை காட்டும் கருவி. நிப்பிளைத் தளர்த்தியதும் அதன் இழை வழியாக வெளிக்காற்றையும் சேர்த்து இழுக்கும். ட்யூபில் குமிழி வந்துகொண்டே இருக்கும். உள்ளே காற்று இருக்கிறதென்று நினைத்து ஒரு லிட்டரையும் தீர்த்துவிடுவார்கள். மேலிருந்து அழுத்தும் பிரஷர் பிளீடர் நல்லதுதான், ஆனால் உங்கள் டப்பாவுக்குப் பொருந்தும் மூடி வேண்டும். 10 முதல் 15 பிஎஸ்ஐ போதும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரெஸ்ஸரை அப்படியே இணைத்தால் பிளாஸ்டிக் டப்பா வெடித்து, பெயிண்டைத் தின்னும் திரவம் பானெட் முழுக்கத் தெறிக்கும்.

இரண்டு பேர் மிதித்துச் செய்யும் பழைய முறைக்குச் செலவில்லை, ஆனால் பேச்சு ஒழுங்கு வேண்டும். சக்கரத்தடியில் இருப்பவர் "மிதிம்மா" என்கிறார். உள்ளே இருக்கும் மகள் மிதித்துப் பிடித்துக்கொண்டு "மிதிச்சிட்டேன்ப்பா" என்ற பிறகுதான் நிப்பிளைக் கால் சுற்று திறக்க வேண்டும். மூடிய பிறகுதான் "இப்ப விடும்மா". திறந்திருக்கும்போது கால் எழுந்தால் காற்று உள்ளே போகும். இன்னொன்று, மிதியைத் தரை வரை அமுக்கக் கூடாது. பழைய மாஸ்டர் சிலிண்டரில் தினமும் ஓடாத அடிப்பகுதியில் துருவும் கசடும் இருக்கும். சீலின் உதடு அதில் உரசிக் கிழியும். மிதிக்கு அடியில் 2 அங்குல மரக்கட்டை வையுங்கள்.

தனியாகச் செய்பவருக்கும் முதல் முறை செய்பவருக்கும் எங்கள் சிபாரிசு, தானாக வடியவிடுவது. டப்பா மூடியைத் தளர்த்தி, நிப்பிளைத் திறந்து, ஒழுக விடுங்கள். மெதுவான வேலை, ஒரு காலைப்பொழுது போய்விடும். ஆனால் காற்று நுழையவோ சீல் கிழியவோ வாய்ப்பு மிகக் குறைவு. நிப்பிளில் இறுக்கமாக உட்காரும், 5 மி.மீ. உள்விட்டமுள்ள, உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் ட்யூப் எடுத்து, முதலில் மேல்நோக்கி ஒரு வளைவு கொடுத்து, பிறகு பாட்டிலுக்குள் இறக்குங்கள். குமிழி வளைவுக்கு ஏறிவிடும், திரும்பாது. முதலில் டீ டிகாஷன் நிறத்தில் வரும். நடுவில் கலங்கலாக ஒரு கோடு ஓடும். பிறகு தேன் நிறம், அதற்குப் பின் தெளிந்த இளமஞ்சள். அதுதான் புதியது வந்த அடையாளம்.

சக்கர வரிசையில் வெளிநாட்டு வீடியோக்கள் ஏமாற்றும். அங்கே பெரும்பாலும் ஸ்டீயரிங் இடப்பக்கம். மாஸ்டர் சிலிண்டரும் அதே பக்கம். அதனால் அதற்குத் தூரமான வலப் பின்சக்கரத்தில் தொடங்குவார்கள். நம் காரில் தூரமானது இடப் பின்சக்கரம். கையேடு வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்றுங்கள். பின்சக்கரத்துக்கு 250 மி.லி. வரை, முன்சக்கரத்துக்கு 150 மி.லி. வரை வைத்துக்கொள்ளலாம். தொடங்கும் முன் மெடிக்கல் ஷாப் சிரிஞ்சால் டப்பாவிலிருக்கும் பழையதை உறிஞ்சிப் புதியதை நிரப்பினால் பாதி வேலை மிச்சம். ஆனால் டப்பாவின் அடியில் திரவம் இறங்கும் துவாரம் தெரியும் அளவுக்கு உறிஞ்சாதீர்கள்.

வேலை முழுவதும் டப்பா காலியாகக் கூடாது. ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள காரில் காற்று அந்த யூனிட்டுக்குள் போய்விட்டால், வால்வுகளை இயக்க ஸ்கேன் கருவி தேவைப்படும், வீட்டில் முடியாது. சில கார்களில் கிளட்சும் இதே டப்பாவிலிருந்துதான் குடிக்கிறது. ஒவ்வொரு 50 மி.லி. போனதும் எழுந்து பார்த்து ஊற்றுங்கள்.

ஜாக்கியை மழை ஊறிய மண்ணிலோ மணலிலோ வைக்காதீர்கள். சிமென்ட் தரை, கூடவே தூக்கிய வண்டியைத் தாங்கும் ஆக்ஸில் ஸ்டாண்ட். ஹேண்ட்பிரேக் பெரும்பாலான கார்களில் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும். பின்பக்கம் தூக்கியதும் அதற்கு வேலை இல்லை. முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கியரிலும் போட்டு வையுங்கள்.

முடிந்ததும் நிப்பிளை மணிக்கட்டுப் பலத்தில் இறுக்கினால் போதும். பெயிண்டில் சிந்தியதைத் துடைக்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். எஞ்சின் ஓடும்போது மிதி கொஞ்சம் இறங்கி நிற்பது சரி. அழுத்திப் பிடித்திருக்க மெல்ல இறங்கிக்கொண்டே போனால் மாஸ்டர் சிலிண்டர் சீல் போயிருக்கலாம், அல்லது எங்கோ கசிகிறது. வண்டியை எடுக்க வேண்டாம். பஞ்சு மாதிரி இருந்தால் காற்று. வீட்டு வாசலிலேயே நடை வேகத்தில் நாலு முறை நிறுத்திப் பார்த்துவிட்டு, நிப்பிள்களில் ஈரம் உண்டா என்று கையை வைத்துப் பாருங்கள்.

வடித்த பழையதைச் சாக்கடையில் கொட்டாதீர்கள், எஞ்சின் ஆயில் கழிவோடும் கலக்காதீர்கள். குளிர்பான பாட்டிலில் வைத்தால் குழந்தைகள் குடிக்க நினைக்கும் நிறம் அது, விஷம். மூடியுள்ள கேனில் ஊற்றி, பெயர் எழுதி, கழிவு எடுத்துக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.