குட்டி ஃபுல் ஃபிரேம் கேமரா வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டுவதற்கு முன் கடையிலேயே இதைச் செய்து பாருங்கள்

போன சித்திரையில் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு பக்கம் மாமா ஊரில் பாரதக் கூத்து. புதிதாக வாங்கிய குட்டி ஃபுல் ஃபிரேம் கேமராவைத் (படம் பதியும் சென்சார் பழைய ஃபிலிம் அளவுக்குப் பெரிதாக இருக்கும் வகை) தூக்கிக்கொண்டு போயிருந்தேன். பத்தரைக்குக் கூத்து தொடங்கியது, முதல் பாட்டு முடிந்ததும் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் இருந்த வாத்தியார் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நல்லா எடுத்துக்கோ, அந்த டக்கு டக்கு சத்தம் மட்டும் வேணாம்" என்றார். நியாயம்தானே. சைலன்ட் மோடில் போட்டுவிட்டு விடிய விடிய நானூறு படம் எடுத்தேன். கேமராத் திரையில் எல்லாம் பளபளவென்று இருந்தது. காலையில் வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தால் துரியோதனன் கிரீடத்திலிருந்து மார்புப் பதக்கம் வரைக்கும் குறுக்கே இருட்டுப் பட்டைகள். ஒரு கன்னத்தில் அரிதாரம் சிவப்பு, அதற்குக் கீழே அதே அரிதாரம் செங்கல் பொடி மாதிரி. நானூறில் பத்து தேறியிருந்தால் அதிகம்.

தப்பு கேமராவில் இல்லை, என்னிடம்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஐஎஸ்ஓ, அப்பர்ச்சர், ஷட்டர் வேகம் எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

1. லென்ஸோடு சேர்த்து எடை போடுங்கள்

விளம்பரத்தில் பாடி (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா) எடையைத்தான் போடுவார்கள். சோனி ஏ7சி (2020) பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 509 கிராம், சரி. ஆனால் பாடியைச் சுருக்கினாலும் உள்ளே இருக்கும் சென்சார் அதே 36க்கு 24 மி.மீ. தான், அதை முழுசாக மூடும் அளவுக்கு லென்ஸ் வெளிச்சம் தர வேண்டும். கூடவே வரும் 28-60 ஜூம் (கிட் லென்ஸ் என்பது இதுதான்) 167 கிராம், பரவாயில்லை. ஆசைப்பட்டு 24-70 எஃப் 2.8 (இரண்டாம் பதிப்பு) மாட்டினால் அந்த லென்ஸ் மட்டும் 695 கிராம், கேமராவை விட லென்ஸ் கனம், மொத்தம் ஒரு கிலோ இருநூறு. இதைப் பையில் போட்டுக்கொண்டு சுற்றலாம் என்பவர்கள் எந்தப் பையைச் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை.

என் சிபாரிசு: ஜூமை மறந்துவிட்டு 40 மி.மீ. எஃப் 2.5 மாதிரி ஜூம் ஆகாத சின்ன பிரைம் லென்ஸ் ஒன்று. 173 கிராம். போதும்.

2. கிட் லென்ஸின் எஃப் எண்ணை 1.5 ஆல் வகுத்துப் பாருங்கள்

ஃபுல் ஃபிரேம் சென்சார் அதை விடச் சின்ன சைஸான ஏபிஎஸ்-சி சென்சாரைப் போல நீள அகலத்தில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, அதனால் பரப்பில் இரண்டே கால் மடங்குக்கும் மேல். ராத்திரிப் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியாமல் இருப்பதற்குக் காரணம் அதுதான், இந்த வகைக் கேமராவின் பெரிய பலமும் அதுதான். ஆனால் எஃப் 4-5.6 ஜூமை மாட்டினால் அது ஏபிஎஸ்-சி கேமராவில் எஃப் 2.7-3.7 லென்ஸ் மாட்டியதற்குச் சமம். அதாவது அதிகப் பணம் கொடுத்து வாங்கிய வெளிச்சத்தை லென்ஸில் திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள். இப்படி எஃப் எண் பெரிதான ஜூம் மட்டும்தான் வாங்கப் போகிறேன் என்றால் ஃபுல் ஃபிரேமே வேண்டாம். ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள ரிக்கோ ஜிஆர் 3 மாதிரி ஒன்று வாங்குங்கள், 257 கிராம், அதுதான் உண்மையாகவே சட்டைப் பைக் கேமரா.

3. ஷட்டர் சோதனை (என்னைக் கவிழ்த்த இடம்)

நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதனால் விலை குறைந்த எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும், கண்ணுக்குத் தெரியாது. சைலன்ட் மோட் என்பது எலக்ட்ரானிக் ஷட்டர். அது படத்தை ஒரே நேரத்தில் பிடிப்பதில்லை, மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கும். ஒரு கேமரா முழுப் படத்தையும் படிக்க 1/20 நொடி எடுத்துக்கொள்கிறது என்றால், அதற்குள் விளக்கு ஐந்து முறை மங்கிவிடும், படத்தில் ஐந்து பட்டை. நீங்கள் 1/500 வைத்தாலும் சரி, 1/1000 வைத்தாலும் சரி, படிக்கும் நேரம் மாறாது. வேகத்தைக் கூட்டினால் பட்டை இன்னும் அழுத்தமாகத்தான் விழும். நான் அன்றைக்கு ஆட்டம் வேகமாகிறதே என்று கூட்டிக்கொண்டே போனேன்.

கடையில் இப்படிச் செய்யுங்கள். சைலன்ட் மோடைப் போட்டு, ஷட்டரை 1/500 வைத்து, கூரையில் எரியும் எல்இடி வெளிச்சம் விழுகிற வெள்ளைச் சுவரை எடுங்கள். படத்தைப் பெரிதாக்காமல் முழுசாகப் பாருங்கள், பெரிதாக்கினால் பட்டை தெரியாது. பட்டைகளை எண்ணி நூறால் வகுத்தால் அந்தக் கேமரா படிக்கும் நேரம் ஏறக்குறைய வந்துவிடும். எண்ணிக்கை குறைவு என்றால் கேமரா வேகமானது. ஒன்றுமே தெரியவில்லையா? அந்தக் கடை விளக்கு நல்ல விளக்கு, வேறு விளக்குப் பக்கம் போங்கள். பிறகு 1/100 வைத்து எடுங்கள், ஒவ்வொரு வரிக்கும் ஒரு முழுச் சுற்று வெளிச்சம் கிடைப்பதால் பட்டை மறையும். 1/50ம் சரி.

கடைசியாக சைலன்ட் மோடை அணைத்து மறுபடி 1/500. இப்போது பட்டை ஏறக்குறைய போய்விட்டால் உள்ளே நிஜ ஷட்டர் (மூடித் திறக்கும் மெக்கானிக்கல் ஷட்டர்) இருக்கிறது. எல்லாக் குட்டிக் கேமராவிலும் இருக்காது! சிக்மா எஃப்பி (2019), பானசோனிக் எஸ்9 (2024) இரண்டிலும் எலக்ட்ரானிக் ஷட்டர் மட்டும்தான். வீடியோ எடுப்பவர்களுக்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை. கல்யாண மண்டபம், கூத்து, கடைவீதி என்று சுற்றுபவர்கள் யோசித்து வாங்குங்கள்.

லென்ஸ் கழற்ற முடியாத வகையில் (சோனி ஆர்எக்ஸ்1 2012லும் லைக்கா க்யூ 2015லும் வந்தன) ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கும். மெல்லிய சொடக்குச் சத்தம், பட்டைத் தொல்லையும் இல்லை. எனக்குப் பிடித்தது இந்த வகைதான். விலையைப் பார்த்துவிட்டுக் கடையை விட்டு வெளியே வந்துவிட்டேன், அது வேறு கதை.

4. வெயிலில் நின்று பாருங்கள்

கடைக்காரரிடம் கேட்டு வாசலுக்குக் கொண்டுவாருங்கள். வேலூர்க் கோட்டை அகழி ஓரம் மதியம் ஒரு மணிக்கு என் கேமராத் திரையில் என் முகம்தான் தெரிந்தது. கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இருந்தால் பிழைத்தோம். ஏ7சியில் அது சின்னது, மேலே சொன்ன எஃப்பி, எஸ்9 இரண்டிலும் பாடியில் கிடையாது.

கையில் பிடித்து ஐந்து நிமிஷம் நில்லுங்கள். பாடி குள்ளமாக இருப்பதால் சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கும், வியர்த்தால் வழுக்கும். அடியில் திருகும் உலோகப் பிடி ஒன்று வாங்கி மாட்டிய பிறகுதான் எனக்குச் சரியானது. சித்திரை வெயிலில் 4கே வீடியோ நீளமாக எடுத்தால் சூடாகி அணைந்துபோகும், திரையைக் கேமரா பாடியிலிருந்து விலக்கி வைத்தால் கொஞ்சம் தாங்கும். இவற்றில் பெரும்பாலானவற்றில் ஒரே ஒரு கார்டுதான் போட முடியும், அதனால் காசு வாங்கிக்கொண்டு கல்யாணம் எடுப்பவர்களுக்கு இது இரண்டாவது கேமரா மட்டுமே.

பின்சேர்க்கை: 1/100 வைத்தும் பட்டை போகவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். மங்கலாக்கி வைக்கும் மேடை எல்இடி, கலர் கலராக மாறும் சீரியல் பல்பு இதெல்லாம் நூறு கணக்கில் மங்குவதில்லை, அதற்கென்று வேறு வேகம். ஷட்டரைப் பொடிப்பொடியாக மாற்றும் வசதி உங்கள் கேமராவில் இருந்தால் பட்டை மறையும் வரை திருகிப் பாருங்கள், இல்லாவிட்டால் நிஜ ஷட்டர்தான். இந்த வருஷக் கூத்தில் நான் வசனம் பேசும் இடங்களில் சைலன்ட் 1/100, வேஷக்காரர்கள் சுழன்று ஆடும் இடங்களில் நிஜ ஷட்டர் 1/500, ஐஎஸ்ஓ 6400 என்று எடுத்தேன். ஆட்டத்தின்போது மிருதங்கச் சத்தத்தில் கேமராச் சத்தம் யாருக்குக் கேட்கப் போகிறது.

இன்னொன்று: ஸ்ரீபுரம் தங்கக் கோயிலுக்குள் இதைக் கொண்டுபோகலாமா, சின்னதுதானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். குட்டி என்றாலும் கேமரா கேமராதான் ஐயா, உள்ளே விடமாட்டார்கள். போகும் அன்றைக்கு வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.