பழைய கொங்கிறீற்றின் மேல் புதுசு போடமுன்

எங்கள் கிணற்றடித் தளத்துக்கு மேல் புதிதாக ஒரு படை கொங்கிறீற்று போட்டோம். ஒரு வருடம் ஆகவில்லை, தட்டினால் 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம்; புதுப் படை பழையதை விட்டுக் கழன்றிருந்தது. சீமெந்தைத்தான் திட்டினோம். பிழை கீழே இருந்த பழைய தளத்தை நாங்கள் தயார்படுத்தாததில் இருந்தது.

பழைய கொங்கிறீற்றின் மேல்தோல் பலவீனமானது. அதிலே பாசி, சவர்க்காரம், எண்ணெய் வேறு. கழுவிவிட்டால் மட்டும் போதாது. உள்ளே சல்லி தெரியும்வரை உளியால் கொத்தி, கம்பித் தூரிகையால் உரஞ்சி, தூசி முழுவதையும் அகற்ற வேண்டும். மேசன்மார் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். பக்கத்தில் நின்று பாருங்கள்.

முதல் நாளே நன்றாக நனைத்து விடுங்கள். காய்ந்த தளம் புதுக் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். ஆனால் போடும் நேரத்தில் மேலே தண்ணீர் தேங்கி நிற்கக்கூடாது, ஈரம் மட்டும் போதும்.

அப்புறம், சீமெந்துப் பாலை (சீமெந்தைத் தண்ணீரில் கரைத்த குழம்பு) தூரிகையால் தேய்த்து, அது காயமுன்பே கலவையைப் போட வேண்டும். காய்ந்துவிட்டால் ஒட்டாது, பிரித்துவிடும். அந்தப் பாலில் எஸ்.பி.ஆர். (பால் போன்ற செயற்கை இறப்பர்த் திரவம்) சேர்த்தால் இன்னும் நல்லது. பி.வி.ஏ. எனும் வெள்ளைப் பசை கிணற்றடிக்குச் சரிவராது, ஈரத்தில் இளகும்.

தீவுப்பகுதிக்காரர் கவனிக்க: கம்பிவலை வைப்பதானால் உவர்நீரில் குழைக்க வேண்டாம், கம்பி துருப்பிடிக்கும். பழைய தளத்தின் வெடிப்பு இன்னும் அசைந்துகொண்டிருந்தால் அது புதுப் படையிலும் வரும். போட்டபின் 7 நாள் ஈரச்சாக்கால் மூடி வையுங்கள்.