வாசனை மெழுகுவர்த்தி: சூட்சுமம் திரியில்தான்

மணம் போதவில்லை என்றதும் பலரும் செய்வது, வாசனை எண்ணெயைக் கூடுதலாக ஊற்றுவது. அது பலிக்காது. மெழுகு தாங்கும் அளவைத் தாண்டிய எண்ணெய் மேற்பரப்பில் முத்து முத்தாக வியர்க்கும், திரியை அடைக்கும், புகையும். எரியும்போது மணம் கிளம்புவது சுடரைச் சுற்றி உருகித் தேங்கும் மெழுகிலிருந்து. அந்தத் தேக்கம் எவ்வளவு அகலம் என்பதைத் திரிதான் முடிவு செய்கிறது.

முதல் முயற்சிக்கு 200 மி.லி. கொள்ளும், உள்விட்டம் 6.5 செ.மீ. அளவுள்ள கனமான கண்ணாடிக் குவளை எடுங்கள். மெல்லிய தண்ணீர் டம்ளர் சூட்டில் விரிசல் விடும். அதற்கு 150 கிராம் சோயா மெழுகு, 9 கிராம் வாசனை எண்ணெய். அதாவது மெழுகின் எடையில் 6 சதவீதம். சோயாவில் 'கண்டெய்னர்' வகை என்று கேட்டு வாங்குங்கள். 'பில்லர்' வகை அச்சில் வார்ப்பதற்கானது. மெழுகையும் எண்ணெயையும் தராசில் நிறுங்கள், ஸ்பூன் கணக்கு உதவாது.

எண்ணெய், மெழுகுவர்த்திக்கென்றே விற்பதாக இருக்கட்டும். உடம்பில் அடிக்கும் சென்ட்டில் ஆல்கஹால் இருக்கும், தீப்பிடிக்கும். பன்னீரிலும் கேசரிக்கு விடும் எசன்ஸிலும் இருக்கும் தண்ணீர் மெழுகோடு சேராது, படபடவென்று தெறிக்கும். வீட்டில் பூனை இருந்தால் யூகலிப்டஸ், டீ ட்ரீ எண்ணெய்களைத் தவிர்ப்பது நல்லது. விளக்குத் திரியும் இதற்கு ஆகாது. முறுக்கில்லாத பஞ்சு உருகிய மெழுகில் சரிந்துவிடும். அடியில் தகர வில்லை (சின்ன வட்டத் தகடு) பொருத்திய பின்னல் பருத்தித் திரியை, எந்த விட்டக் குவளைக்கு எந்தத் திரி என்று காட்டும் கடைக்காரரின் அட்டவணையைப் பார்த்து வாங்குங்கள். அடுத்த அளவிலும் ஒன்று வாங்கி வைத்தால் சோதிக்க உதவும்.

குவளையை ஈரமின்றித் துடைத்து, திரியின் வில்லையை அடியில் நடுவாக ஒட்டுங்கள். மேல்முனையைத் துணி கிளிப்பில் கவ்வி விளிம்பில் கிடத்தினால் திரி நேராக நிற்கும்.

மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள். அகலமான பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதற்குள் சின்னப் பாத்திரத்தில் மெழுகைப் போட்டு உருக்குங்கள். கேஸைவிட இண்டக்‌ஷன் அடுப்பு மேல், சுடர் இல்லை. தெர்மாமீட்டர் 75–80 டிகிரி செல்சியஸ் காட்டியதும் இறக்கி, எண்ணெயை ஊற்றி 2 நிமிடம் நிதானமாகக் கலக்குங்கள். அவசரப்பட்டு நிறுத்தினால் எண்ணெய் அடியில் தங்கும். வேகமாக அடித்தால் காற்றுக் குமிழ் வரும். 55–60 டிகிரிக்கு ஆறியதும் மெதுவாகக் குவளையில் ஊற்றி, ஃபேன் காற்று படாத இடத்தில் அசைக்காமல் வையுங்கள். சீக்கிரம் ஆறட்டும் என்று ஃப்ரிட்ஜில் வைத்தால் வெடிப்பும் பள்ளமும்தான் மிச்சம். திரியைச் சுற்றிக் குழி விழுந்தால் ஹேர் டிரையரால் மேற்பரப்பை இளக்கினால் போதும். சோயாவில் வெள்ளையாகப் பூப்பது அதன் இயல்பு, குறையல்ல.

மறுநாளே கொளுத்திப் பார்க்கக் கை அரிக்கும். பொறுங்கள். சோயாவில் மணம் கூடி வர மூடி போட்டு ஒரு வாரமாவது, முடிந்தால் இரண்டு வாரம் வைக்க வேண்டும்.

ஏற்றுமுன் திரியை 5–6 மி.மீ. உயரத்துக்கு வெட்டுங்கள். 6.5 செ.மீ. குவளையில் இரண்டரை, மூன்று மணி நேரத்தில் உருகிய மெழுகு விளிம்பைத் தொட வேண்டும். தொடாமல் நடுவில் மட்டும் கிணறு போல இறங்கினால் திரி சின்னது. ஒரு மணி நேரத்திலேயே தொட்டு, சுடர் துள்ளிக் கரி படிந்தால் திரி பெரிது; கண்ணாடியும் அளவுக்கு மீறிச் சுடும். சில ஏற்றல்களுக்குப் பிறகு ஓரத்தில் ஒட்டிய மெழுகு தானே உருகுவதுண்டு என்பதால், முதல் நாளிலேயே திரியை மாற்றிவிட வேண்டாம்.

மேலே காய்ந்த ரோஜா இதழ், பட்டை, கிராம்பு தூவுவது படத்துக்கு அழகு. எரியும்போது அவையும் திரியாகிவிடும். நிறத்துக்குக் கிரேயான் சீவிப் போட்டால் அதன் நிறமி திரியை அடைக்கும். மெழுகுக்கான சாயமே சரி.

உருக்கும்போது புகை வந்தால் உடனே அடுப்பை அணையுங்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது: அது மெழுகுக்கு அடியில் போய் ஆவியாகி, எரியும் மெழுகை வாரி இறைக்கும். பாத்திரத்தை நகர்த்தாமல் தட்டால் மூடிவிடுங்கள். அந்தத் தட்டு, வேலை தொடங்கும்போதே கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

அடியில் 1 செ.மீ. மெழுகு மிஞ்சியதும் ஏற்றுவதை நிறுத்துங்கள், அதற்கும் கீழே போனால் கண்ணாடி தெறிக்கலாம். மிச்சத்தை வெந்நீரில் இளக்கி எடுத்து, குவளையைச் செய்தித்தாளால் துடைத்துவிட்டுப் பிறகு கழுவுங்கள். சிங்க்கில் ஊற்றிய மெழுகு குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும்.