ஆளில்லாத வீட்டிலும் தானே தொடங்கும் நிரல்: சிஸ்டம்டி சேவை அமைக்கும் முறை

காரைக்குடி, கானாடுகாத்தான் பகுதிகளில் உரிமையாளர்கள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, வீட்டைப் பார்த்துக்கொள்பவர் மட்டும் காலையும் மாலையும் வந்து போகும் பெரிய வீடுகள் பல உள்ளன. அத்தகைய வீடொன்றின் இரண்டாம் கட்டில் ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியை வைத்து, மேல்தொட்டியின் நீர்மட்டத்தைப் பதிவு செய்யும் பைத்தான் நிரலை ஓடவிட்டிருப்பதாகக் கொள்வோம். மின்சாரம் போய் வந்தால் கணினி தானே எழுந்துவிடும், ஆனால் கையால் தொடக்கிய நிரல் எழாது. கணினி எழும்போது நிரல்களைத் தொடக்கி மேற்பார்க்கும் சிஸ்டம்டியிடம் அதை ஒரு சேவையாக ஒப்படைப்பதே இதற்கு வழி. இக்கணினியின் இயங்குதளமான ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸுக்கு அடிப்படையான டெபியன் லினக்ஸ், 2015இல் வந்த எட்டாம் பதிப்பு முதல் இதையே பயன்படுத்துகிறது.

எட்சி அடைவில் உள்ள சிஸ்டம்டி, அதற்குள் இருக்கும் சிஸ்டம் என்ற அடைவில், டேங்க்.சர்வீஸ் என்ற கோப்பை உருவாக்குங்கள். இங்கே தமிழில் தரும் பெயர்களையும் கட்டளைகளையும் அங்கே ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். கோப்பில் யூனிட், சர்வீஸ், இன்ஸ்டால் என மூன்று பகுதிகள் இருக்கும். சர்வீஸ் பகுதியின் எக்ஸெக்ஸ்டார்ட் வரியில் பைத்தானுக்கும் நிரலுக்கும் முழுப் பாதையைத் தர வேண்டும். முனையத்தில் பழகிய அலைக்குறியும் பைப் குறியும் இங்கே செல்லாது. யூசர் வரியில், முழு அதிகாரமும் உள்ள ரூட் அல்லாத வேறொரு பயனரைக் குறிப்பிடுவது நல்லது, அவருக்கு உணரியைப் படிக்கும் அனுமதி இருந்தால் போதும்.

மிகவும் கவனிக்க வேண்டியது ரீஸ்டார்ட் வரி. அதன் மதிப்பு ஆன்-ஃபெய்லியர் என்றிருந்தால், நிரல் பிழையில்லாமல் முடிந்தபோது மீண்டும் தொடங்காது; ஆளில்லாத வீட்டுக்கு ஆல்வேஸ் என்பதே பொருத்தம். அதோடு, மீண்டும் தொடங்குமுன் காத்திருக்கும் வினாடிகளைக் குறிக்கும் ரீஸ்டார்ட்செக் மதிப்பை 10 எனக் கொடுங்கள். இயல்பான இடைவெளி 100 மில்லிவினாடி மட்டுமே என்பதால், தொடங்கியதும் விழும் நிரல் பத்து வினாடிக்குள் ஐந்து முறை தொடங்கும் வரம்பைச் சட்டென்று எட்டிவிடும், அதன்பின் சிஸ்டம்டி முயற்சியையே கைவிட்டுவிடும்.

நிரல் இணையத்துக்குத் தரவு அனுப்புவதானால், யூனிட் பகுதியில் வான்ட்ஸ், ஆஃப்டர் ஆகிய இரண்டு வரிகளிலும் நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட் என எழுதுங்கள். வெறும் நெட்வொர்க்.டார்கெட், முகவரி கிடைத்துவிட்டது என்பதற்கு உறுதி அல்ல. மின்சாரம் வந்தபின் மோடம் கணினியைவிடத் தாமதமாக எழுவது சகஜம். இந்த வரிகளால் சேவை இணைப்புக்காகக் காத்திருக்கும், ஆனால் அந்தக் காத்திருப்புக்கும் காலக்கெடு உண்டு. ஆகவே மறுமுயற்சி நிரலுக்குள்ளும் இருக்க வேண்டும்.

கடிகாரமும் சிக்கல் தரும். ராஸ்பெர்ரி பை 4 வரையிலான பலகைகளில் மின்கலத்தில் ஓடும் கடிகாரம் இல்லாததால், இணைய நேரம் கிடைக்கும்வரை பதிவுகளில் பழைய நேரமே விழும். நேரம் சரியாகும்வரை சேவையைக் காக்க வைக்கலாம் என்றாலும், இணையம் வராத நாளில் அது தொடங்காமலே போகலாம் என்பதால், டிஎஸ்3231 கடிகாரச் சில்லு ஒன்றைப் பொருத்துவதே மேல் என்பது என் கருத்து.

இன்ஸ்டால் பகுதியில் வான்டட்பை வரிக்கு மல்டி-யூசர்.டார்கெட் என்ற மதிப்பைக் கொடுத்துச் சேமித்தபின், புதிய கோப்பைச் சிஸ்டம்டி படிக்கச் சூடோ சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோடு, பிறகு சூடோ சிஸ்டம்சிடிஎல் எனேபிள் டேங்க் ஆகியவற்றை இயக்குங்கள். எனேபிள் அடுத்த முறை கணினி எழும்போது தொடங்க ஏற்பாடு செய்யும். ஸ்டார்ட் இப்போது மட்டும் தொடக்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அநேகம்.

சோதிக்கும்போது இணைப்பைப் பிடுங்கினால் நினைவக அட்டை கெடக்கூடும் என்பதால் ரீபூட் கட்டளையைக் கொடுங்கள். சில நிமிடங்கள் கழித்து உள்நுழைந்து சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் டேங்க் எனக் கேட்டால், ஆக்டிவ் என்றும் தொடங்கிய நேரமும் தெரியும். தொடங்கவில்லையெனில் ஜர்னல்சிடிஎல் கட்டளையின் யூ விருப்பத்தோடு சேவையின் பெயரைத் தந்தால் காரணம் கிடைக்கும். சில அமைப்புகளில் இப்பதிவு தற்காலிக நினைவகத்தில் மட்டுமே இருந்து மின்தடையோடு அழிந்துவிடும். இப்பதிவைச் சேமிக்கும் ஜர்னல்டியின் அமைப்புக் கோப்பில் ஸ்டோரேஜ் மதிப்பைப் பெர்சிஸ்டென்ட் என மாற்றினால், மின்சாரம் போவதற்கு முன் நடந்ததையும் படிக்கலாம்.