உடைந்த கல் யார் கணக்கில்?

ஆத்தங்குடியில் சின்னதாகத் தரைக்கல் (டைல்ஸ்) பட்டறை நடத்துகிறேன். கண்ணாடி மேல் அச்சு வைத்து வண்ணச் சிமெண்ட் ஊற்றுபவர் ஒருவர். பின்பக்கக் கலவை போட்டு மட்டம் செய்பவர் இன்னொருவர். தொட்டியில் ஊறிய கல்லை எடுத்து உலர்த்திக் கட்டுபவர்கள் பெண்கள். மூலை உடைந்த கல் வெளியே வந்தால் போதும். "பார்த்து எடுத்தால் உடையுமா?" என்பார் மட்டம் செய்பவர். "அவசரமாகப் போட்டது நீங்கள்தானே, அண்ணே?" என்பார் தொட்டியருகே நிற்கும் அக்கா. தினமும் இதே கச்சேரி.

கூட்டம் போட்டுப் பேசினோம். பேச்சு வளர்ந்ததுதான் மிச்சம். ஊற்றிய எண்ணிக்கைக்குக் கூலி கொடுக்கும்வரை இது தீராது என்று தோன்றியது. நாள் சம்பளத்தை நிலையாக்கி, முழுசாகக் கட்டுக்குள் போகும் கல்லுக்கு மட்டும் மேல்தொகை, அதுவும் எல்லோருக்கும் சமபங்கு என்று மாற்றினேன். தொட்டியருகே ஒரு கரும்பலகை. கல்லின் எந்தப் பக்கம், எந்த மூலை உடைந்தது என்று மட்டும் எழுத வேண்டும், பெயர் எழுதக்கூடாது. ஒரே மூலை திரும்பத் திரும்ப வரவே, அச்சின் சட்டத்தைச் சோதித்தோம். கோணியிருந்தது! அதை நிமிர்த்தியதும் பாதிச் சண்டை போயிற்று.

நிறம் பொருந்தாத கல்லை நிறுத்திவைக்கும் அதிகாரம் இப்போது அந்த அக்காவுக்குத்தான். என்னிடம்கூட மேல்முறையீடு கிடையாது.