மழை விடட்டும் என்று காத்திருக்க வேண்டாம்: வட ஐரோப்பாவின் ஈரக் கோடைக்குப் புறப்படும் திருகோணமலைப் பெற்றோருக்கு

யூன் மாதம் வந்தால் திருகோணமலையில் கச்சான் காற்று உரத்து வீசும். கொடியில் போட்ட சேலை ஒரு மணி நேரத்தில் காய்ந்து மொறுமொறுத்துப்போகும். நண்பகல் வெப்பம் 34 பாகை செல்சியசைத் தொடும். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் வெள்ளைக்காரர்கள் மணலில் படுத்து வெயில் காய்வார்கள். அதே மாதத்தில்தான் நம்மில் பலர் நோர்வேயிலும் டென்மார்க்கிலும் இங்கிலாந்திலும் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படுகிறோம். "இப்போது இங்கே கோடை, குளிர் இராது" என்று பிள்ளைகள் தொலைபேசியில் சொல்வது பொய்யன்று. ஆனால் கோடை என்ற சொல் நமக்குத் தருகிற பொருளும் அவர்களுக்குத் தருகிற பொருளும் வேறு. யூலை நடுவில் பகல் முழுவதும் 13 பாகையும் விடாத தூறலுமாக ஒரு கிழமை போகலாம். அப்படி அமைந்துவிட்ட கோடையை வீணாக்காமல் கழிப்பதற்கு நான் பட்டறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதற் பயணத்தில் நோர்வேயின் பேர்கன் நகரில், மகளின் வீட்டுச் சாளரத்தருகே ஒன்பது நாட்கள் உட்கார்ந்திருந்தேன். மழை விட்டதும் வெளிக்கிடலாம் என்பது என் கணக்கு. பத்தாம் நாள் காலையில், தலை முதல் கால் வரை மூடிய மழையுடுப்புடன் வாசலில் நின்ற நான்கு வயதுப் பேத்தி, "அம்மம்மா, மழை விடாது, நீங்கள் வாங்கோ" என்றாள். அந்நாட்டுப் பாலர் பாடசாலைகளில் மழை பெய்தாலும் பிள்ளைகளை வெளியே விளையாட விடுவது வழக்கம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவள் சொன்னதற்கு மேலான ஆலோசனை இந்தக் கட்டுரையிலும் இல்லை. எஞ்சியவை எல்லாம் அதைச் செய்வதற்கான வழிவகைகள்.

நம்முடைய மழை வேறு வகையானது. திருகோணமலையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை விழுகிறது. அதில் மூன்றில் இரண்டு பங்களவு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாரியில் வாரி ஊற்றிவிடும். கடைத் தாழ்வாரத்தில் அரை மணி நேரம் ஒதுங்கி நின்றால் மழை ஓய்ந்துவிடும் என்ற நம்பிக்கை நமக்கு அதனால் வந்தது. பேர்கனில் ஆண்டு மழை 2,200 மில்லிமீற்றருக்கும் மேல். ஆனால் அது ஆண்டின் 200க்கும் மேற்பட்ட நாட்களுக்குப் பங்கிடப்பட்டு, பெரும்பாலும் மெல்லிய தூறலாக விழுகிறது. இத்தகைய மழைக்கு ஒதுங்கி நிற்பவர் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். ஆனால் நல்ல உடுப்போடு அதற்குள் நடப்பவருக்கு அது பெரிய இடையூறும் அல்ல.

மாரி நமக்குத் தவணை தவறினாலும் வந்தே தீரும் பருவம். அங்கே கோடை மழைக்கு அப்படித் தவணை இல்லை. பத்துக் கிலோமீற்றர் அளவு உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டம் தெற்கே தாழ்ந்து கிடந்தால், அத்திலாந்திக்கில் உருவாகும் தாழமுக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்தானியாவுக்கும் ஸ்கண்டினேவியாவுக்கும் மேலாக வரும். அது வடக்கே வளைந்தால் உயரமுக்கம் வந்து குந்திக்கொள்ளும். 2018 இல் ஸ்கண்டினேவியா அப்படித்தான் வெந்தது. மாறாக, பிரித்தானியாவில் 2012 யூன் மாதம், 1910 இல் தொடங்கும் பதிவுகளில் மிகுந்த மழை பெய்த யூனாக அமைந்தது. ஆகவே போன வருடம் போய்வந்த அயலவர் சொல்வதை வைத்துப் பெட்டி கட்ட வேண்டாம். பேர்கன் போன்ற இடங்களில் இன்னொரு காரணமும் சேர்கிறது: கடலிலிருந்து வரும் ஈரக் காற்று நகரைச் சுற்றியுள்ள மலைகளில் முட்டி மேலெழுந்து, குளிர்ந்து, மழையாகிறது. அந்த மலைகளை ஏழு என்று எண்ணுவது அவ்வூர் வழக்கம். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளை வைத்திருக்கும் நமக்கு அந்த எண் அந்நியமாகத் தோன்றாது.

வானிலை அறிக்கையைப் படிக்கும் முறையையும் மாற்றிக்கொள்ள வேண்டும். மேகமும் துளிகளும் வரைந்த படத்தை மட்டும் பார்த்தால் பதினான்கு நாட்களும் மழை என்றே தெரியும், மனம் சோர்ந்துவிடும். நோர்வே வானிலை நிறுவனமும் அந்நாட்டு ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமும் சேர்ந்து நடத்தும் 'யூர்' என்ற சேவை (அச்சொல்லுக்கு நோர்வேஜிய மொழியில் தூறல் என்றே பொருள்) மணித்தியாலத்துக்கு எத்தனை மில்லிமீற்றர் என்று காட்டும். 0.2, 0.3 என்றால் நடக்கலாம். 2 அல்லது 3 என்றால் தேநீர் குடிக்கும் நேரமாக அதை வைத்துக்கொள்ளலாம். காற்றின் வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள், ஏனெனில் மழையைவிடக் காற்றுத்தான் உடம்பைக் குளிரப்பண்ணுகிறது. ஒரு கிழமைக்கு அப்பாலுள்ள கணிப்பை நம்பித் திட்டம் போடவும் வேண்டாம், கவலைப்படவும் வேண்டாம். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை வந்தால் மட்டும் அது வேறு கதை. 2023 ஓகஸ்ட்டில் 'ஹான்ஸ்' புயல் தெற்கு நோர்வேயில் பெருவெள்ளத்தைக் கொண்டுவந்து, ஒரு நீர்மின் அணையின் ஒரு பகுதியையே உடைத்தது. செம்மஞ்சளோ சிவப்போ என்றால் ஆற்றோரத்துக்கும் மலைப்பாதைக்கும் போகாமல் வீட்டில் இருப்பதே முறை.

இனி உடுப்பு. இதில் செய்யும் பிழைதான் மற்ற எல்லாவற்றையும் கெடுக்கிறது. நம் பெட்டியில் இருப்பவை பெரும்பாலும் பருத்தி. பருத்தி தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். நூல்களுக்கு இடையே உடம்புச் சூட்டைப் பிடித்துவைக்கும் காற்று வெளியேறிவிடும். பிறகு நீங்கள் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு நிற்பதுபோல்தான். கம்பளி அப்படியல்ல, ஓரளவு நனைந்தாலும் சூட்டை விடாது. எனவே உடம்போடு ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளிச் சட்டை ஒன்று, அதற்கு மேல் ஒரு ஸ்வெற்றர், எல்லாவற்றுக்கும் மேல் நீர்புகா ஜக்கெற் என்று மூன்று அடுக்காக அணிய வேண்டும். தடித்த கோட்டு ஒன்றைவிட இந்த மூன்றும் மேலானவை, ஏனெனில் பஸ்ஸுக்குள் ஏறியதும் ஒன்றைக் கழற்றலாம், இறங்கியதும் போடலாம். ஜக்கெற்றை வாங்கும்போது தையல்களின் உட்புறத்தில் நாடா ஒட்டி அடைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். துணி எவ்வளவு நல்லதானாலும் தையல் வழியாகத்தான் தண்ணீர் முதலில் இறங்கும். இவற்றை இங்கே தேடி அலைய வேண்டியதில்லை. அங்கே பாவித்த பொருட்களை விற்கும் கடைகளில் நல்ல சாமான் மலிவாகக் கிடைக்கும். மகளிடமோ மருமகனிடமோ இரவல் வாங்குவதிலும் குறைவில்லை.

குடையை நம்ப வேண்டாம். நான் இங்கிருந்து கொண்டுபோன குடை பேர்கன் துறைமுகத்தருகே இரண்டாம் நாளே மலர்ந்து, கம்பிகள் திசைக்கொன்றாய்ப் போயின. பக்கவாட்டில் வரும் மழைக்குத் தொப்பி வைத்த ஜக்கெற்றும் நீர்புகாக் காற்சட்டையும்தான் சரி. சேலை கட்டியே பழகியவர்களுக்கு இது கூச்சமாக இருக்கும், எனக்கும் இருந்தது. வெளியில் நடக்கும்போது காற்சட்டை, வீட்டிலும் விருந்திலும் சேலை என்று பிரித்துக்கொண்ட பிறகு அந்தக் கூச்சம் போயிற்று. சேலையில்தான் போவேன் என்பவர்கள் சீக்கிரம் காயும் நைலெக்ஸ் சேலையை எடுத்து, உள்ளே கம்பளியில் ஒட்டுக்காற்சட்டை அணியலாம். செருப்புக்கு அங்கே வேலையில்லை. அடிப்பகுதியில் ஆழமான பள்ளங்கள் வெட்டிய சப்பாத்து வேண்டும். நனைந்த மரப்பலகைப் பாதையும் பாசி படிந்த கல்லும் நம் வயதுக்காரரின் இடுப்பெலும்புக்குப் பகை.

கோயில் திருவிழாவுக்குத் தனியாக ஆயத்தம் செய்ய வேண்டும். புலம்பெயர்ந்த நாடுகளில் தேர்த்திருவிழாக்கள் பெரும்பாலும் கோடையிலேயே நடக்கின்றன. ஜேர்மனியின் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு வேறு நாடுகளிலிருந்தும் சனம் திரளும். மழை பெய்தாலும் தேர் ஓடும், வெறுங்காலோடுதான் நாமும் பின்னால் போவோம். ஒரு பொலித்தீன் பையில் சிறு துவாயும் இரண்டு சோடிக் கம்பளிக் காலுறையும் வைத்துக்கொள்ளுங்கள். தேர் இருப்புக்கு வந்ததும் காலைத் துடைத்து காலுறையை மாட்டிக்கொண்டால், அன்றிரவு கால் கடுப்பால் தூக்கம் கெடாது.

வீட்டுக்குள் பெரிய தொல்லை ஈரத்துணி. இங்கே ஒரு மணி நேரத்தில் காய்வது அங்கே இரண்டு நாள் எடுக்கும், அதற்குள் ஒரு மணமும் வந்துவிடும். படுக்கையறையில் கயிறு கட்டிக் காயப்போடும் நம் பழக்கம் அங்கே ஆகாது. காற்றுப் புகாதபடி கட்டிய வீடுகள் அவை. துணியிலிருந்து எழும் ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்து பூஞ்சணம் பிடிக்கும், பிறகு இருமலும் வரும், வீட்டுக்காரரின் முறைப்பாடும் வரும். குளியலறையில் காயப்போட்டு, கதவைச் சாத்தி, காற்றை வெளியேற்றும் விசிறியை ஓடவிடுவதே நல்லது. நிலத்தைச் சூடாக்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. நாளுக்கு இரண்டு மூன்று தடவை, ஐந்து முதல் பத்து நிமிடம் எல்லாச் சாளரங்களையும் அகலத் திறந்துவிட்டு மூட வேண்டும். மழை நாளில் திறந்தால் ஈரம் உள்ளே வராதா என்று நானும் கேட்டேன். வெளிக்காற்று குளிர்ந்தது, குளிர்ந்த காற்றில் அடங்கும் நீராவி குறைவு, அது உள்ளே வந்து சூடானதும் உலர்ந்த காற்றாகிவிடுகிறது.

வெளிச்சம் இன்னொரு குழப்பம். யூன் நடுப்பகுதியில் பேர்கனில் இரவு பதினொரு மணியளவில்தான் சூரியன் மறையும். அதிகாலை நான்கு மணியளவில் மீண்டும் எழும். இடையிலும் முழு இருட்டு வராது. இருண்ட பகலும் வெளிச்சமான இரவுமாக இருக்கும்போது உடம்புக்கு எது எதுவென்று தெரிவதில்லை. தடித்த கறுப்புத் திரைச்சீலையை இழுத்துவிட்டு, பசியையும் வெளிச்சத்தையும் கேட்காமல் மணிக்கூட்டைப் பார்த்துச் சாப்பிட்டுப் படுங்கள். காலையில் அரை மணி நேரமாவது வெளியே நில்லுங்கள். மேகமூட்டமான வானத்தின் வெளிச்சம்கூட வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு பலமானது. இரவுத் தூக்கத்துக்கு அது காலையிலேயே போட்டுவைக்கும் முதல்.

நீரிழிவுக்காரர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மழையென்று வீட்டிலிருந்து வாய்ப்பனும் வடையுமாகச் சாப்பிட்டால் சீனி ஏறும். நடை தடைப்படக் கூடாது. மிகவும் கொட்டும் நாளில் பெரிய கடைத்தொகுதிக்குள் நாற்பது நிமிடம் சுற்றி நடக்கலாம். விற்றமின் டி பற்றியும் வைத்தியரிடம் கேளுங்கள். கறுத்த தோல் வெயிலிலிருந்து அதை மெதுவாகவே உண்டாக்கும். மேகமும் முழுக்கைச் சட்டையும் சேர்ந்தால் இன்னும் குறையும். வட ஐரோப்பிய நாடுகளின் ஊட்டச்சத்துப் பரிந்துரை வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு 10 மைக்கிரோகிராம், 75 வயதைத் தாண்டியோருக்கு 20. சல்மன் மீனில் நன்றாக உண்டு, புளி விட்டுக் குழம்பு வைத்தால் நம் வாய்க்கும் பிடிக்கும். சிறுவயதில் நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கிய மீனெண்ணெயை அங்கே பெரியவர்களே காலையில் ஒரு கரண்டி குடிக்கிறார்கள். மற்றும்படி கொத்தமல்லித் தண்ணீரும் இஞ்சிப் பிளேன்ரீயும் போதும்.

பொழுதுக்கு என்ன செய்வது? நூலகங்களுக்குப் போங்கள். ஒஸ்லோவில் 2020 இல் திறந்த டைக்மன் நூலகத்தில் காசு கொடுக்காமல் நாள் முழுவதும் இருக்கலாம். பேரப்பிள்ளைகளுக்கும் அங்கே இடமுண்டு. யூலைக் கடைசியிலிருந்து காடுகளில் புளூபெரி பழுக்கும். நோர்வேயின் 1957 ஆம் ஆண்டுச் சட்டப்படி, பயிரிடாத காட்டு நிலத்தில் யாரும் நடக்கலாம், பழமும் பறிக்கலாம். மழை பெய்து நனைந்த புதருக்குள் குனிந்து பறித்து, நாவற்பழம் தின்றதுபோல் நாக்கு ஊதாவாகித் திரும்பும்போது, இங்கே பாலைப்பழத்துக்குக் காடேறிய நாட்கள் ஞாபகம் வரும். வீட்டுப் பின்புறத்தில் தறப்பாள் கட்டத் தெரிந்தவர் நம்மில் எத்தனையோ பேர். நாலு மூலையையும் இழுத்து, தண்ணீர் தேங்காமல் ஒரு பக்கத்தைச் சரித்துக் கட்டினால் அதன் கீழே மீனும் சுடலாம், ஊர்க்கதையும் பேசலாம். தறப்பாளுக்குக் கீழே நெருப்பு மூட்டும்போது மட்டும் இடைவெளி நிறைய இருக்கட்டும்.

வெயில் வந்துவிட்டால், அன்றைக்கென்று நினைத்த வேலைகளை அப்படியே விட்டுவிடுங்கள். சமையல் பிறகு, தொலைபேசி பிறகு. 1918 முதல் ஓடும் பேர்கனின் மலைத்தொடருந்தில் ஏறி உச்சியிலிருந்து ஊரைப் பார்ப்பது போன்றவற்றை இப்படி வெயில் கிடைக்கும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கென்றே ஒதுக்கிவையுங்கள். மேகம் மூடிய நாளில் அங்கே ஏறியவர்கள் வெள்ளையைத் தவிர வேறொன்றும் காண்பதில்லை. நிலாவெளியில் நீந்திய துணிவில் கடலில் மட்டும் குதிக்க வேண்டாம். வெயில் அடித்தாலும் தண்ணீர் 15 பாகைதான், திடீரென்று இறங்கினால் மூச்சு அடைக்கும்.

ஊர் திரும்பும்போது அந்த மழை ஜக்கெற்றைப் பிள்ளைகள் வீட்டு அலுமாரியிலேயே விட்டுவிட்டு வாருங்கள். மாரிக்கு உதவும் என்று நான் சுமந்துவந்தேன். வெளியே குளிர்ந்திருந்தால்தான் அந்தத் துணி உள்ளிருக்கும் வியர்வை ஆவியை வெளியே விடும். நவம்பர் மழையின் புழுக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போன அன்று, வெளியே நனையாமல் உள்ளே முழுக்க நனைந்து வீடு வந்தேன்.