ஹெர்ப்பிஸ் பரிசோதனை: இளம் மருத்துவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகப் பயிற்சிக்கு வரும் மருத்துவர்கள் எங்கள் வைரஸ் லேபுக்கு எழுதி அனுப்பும் சீட்டுகளைப் படிப்பது என் அன்றாட வேலை. எங்கள் தலைமுறை பயிற்சிக் காலத்தில் எழுதிய அதே வரிகளைத்தான் இன்றைக்கும் பார்க்கிறேன்: "டார்ச் பேனல்" (சில தொற்றுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை), "ஹெச்எஸ்வி ஐஜிஎம்" (ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸுக்கு எதிரான ஐஜிஎம் வகை ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம்), "வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கவும்". ட்யூபில் பெயர் எழுதுங்கள், ஐஸில் வைத்து அனுப்புங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதை முதல் வாரத்திலேயே டெக்னீஷியன் சொல்லித் தந்துவிடுவார். யாரும் திருத்தாமல் விட்டுவிடுகிற, நோயாளியின் வாழ்க்கையைப் பதம் பார்க்கிற தவறுகளைத்தான் எழுத நினைக்கிறேன். கையில் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு பயந்துபோயிருக்கும் குடும்பத்தாரும் இதைப் படிக்கலாம்.

முதலில் வைரஸின் குணம்

மனிதர்களைத் தாக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸ்கள் ஒன்பது. உதட்டிலும் பிறப்புறுப்பிலும் கொப்புளம் தரும் சிம்ப்ளெக்ஸ் 1, 2, சின்னம்மையும் அக்கியும் தரும் வாரிசெல்லா சோஸ்டர், எப்ஸ்டீன் பார், சைட்டோமெகலோ, 6ஏ, 6பி, 7, கபோசி சார்கோமாவோடு தொடர்புடைய 8. எல்லாவற்றுக்கும் ஒரே குணம்தான். ஒருமுறை உள்ளே வந்தால் ஆயுள் முழுக்க வெளியே போகாது. சிம்ப்ளெக்ஸும் வாரிசெல்லாவும் நரம்பு முடிச்சுகளில் தங்கிவிடும். எப்ஸ்டீன் பார், பி செல்கள் என்ற வெள்ளணுக்களில் ஒளிந்துகொள்ளும். சைட்டோமெகலோ, எலும்பு மஜ்ஜையில் வெள்ளணுக்களைப் பிறப்பிக்கும் செல்களில் இருக்கும்.

ஒளிந்திருக்கும் வைரஸ் ஏறக்குறைய எந்தப் புரதத்தையும் தயாரிப்பதில்லை. அதனால் எதிர்ப்புச் சக்தியின் கண்ணிலும் படுவதில்லை, மருந்துக்கும் சிக்குவதில்லை. ஹெர்ப்பிஸ் மருந்தான அசைக்ளோவிர் வேலை செய்ய வேண்டுமென்றால் வைரஸின் தைமிடின் கைனேஸ் என்ற நொதி அதைத் தூண்ட வேண்டும். தூங்கும் வைரஸ் அந்த நொதியைச் செய்வதில்லை. "மாத்திரை சாப்பிட்டால் வைரஸ் முழுசாகப் போய்விடுமா?" என்று நோயாளி கேட்டால், போகாது என்பதே நேர்மையான பதில்.

வைரஸை அடக்கி வைத்திருப்பவை முக்கியமாக டி செல்கள் என்ற வெள்ளணுக்கள். இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் ஊரில் குடும்ப மருத்துவராக இருந்த எட்கர் ஹோப் சிம்ப்சன், தன் நோயாளிகளைப் பல ஆண்டுகள் கவனித்து 1965-இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார். சிறு வயதுச் சின்னம்மையின் வைரஸ் உடலுக்குள்ளேயே கிடக்கிறது, எதிர்ப்புச் சக்தி ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கும்போது அக்கியாக எழுகிறது என்றார். வயதானவர்களின் ரத்தத்தில் வாரிசெல்லாவுக்கு எதிரான ஆன்டிபாடி தாராளமாக இருக்கும். அப்படியும் அக்கி வரும். குறைந்துபோயிருப்பது டி செல் எதிர்ப்பு. ஆகவே, ஐஜிஜி என்ற வகை ஆன்டிபாடி இருக்கிறது என்ற ரிப்போர்ட், இவர் இந்த வைரஸை என்றோ ஒருநாள் சந்தித்திருக்கிறார் என்பதைத்தான் சொல்லும். எப்போது, எங்கே, இப்போதைய தொந்தரவுக்கு அதுதான் காரணமா என்ற கேள்விகளுக்கு அதில் பதில் இருக்காது.

டார்ச் பேனல்

இதைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்றும் கோபம் வரும். கர்ப்பம் உறுதியானதும் ஒரு டார்ச், கரு கலைந்தால் ஒரு டார்ச், ஸ்கேனில் எதுவுமே இல்லாவிட்டாலும் ஒரு டார்ச். டாக்சோபிளாஸ்மா, ரூபெல்லா, சைட்டோமெகலோ, ஹெர்ப்பிஸ் ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்து அந்தச் சொல்லை 1971-இல் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் ஆந்த்ரே நாமியாஸ். பிறந்த குழந்தைக்கு வரும், பார்க்க ஒன்றுபோலத் தெரியும் தொற்றுகளை மருத்துவர் மறந்துவிடாமல் இருக்க உதவிய பட்டியல் அது. எந்தக் குறையும் இல்லாத கர்ப்பிணிகள் எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்ப்பதற்கான பட்டியலாக அது எப்படியோ மாறிவிட்டது. மீண்டும் மீண்டும் கரு கலைபவர்களுக்கு டார்ச் பார்ப்பதைக் கைவிட வேண்டும் என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களின் ராயல் கல்லூரி 2011-இலேயே வெளிப்படையாக எழுதிவிட்டது. இங்கே இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

ஏன் கூடாது? சிம்ப்ளெக்ஸ் ஐஜிஎம்மை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய தொற்று என்றால்தான் ஐஜிஎம் வரும் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். ஹெர்ப்பிஸ் குடும்பத்தில் அந்த விதி நிற்காது. பழைய வைரஸ் மீண்டும் தலைதூக்கும்போதும் ஐஜிஎம் வரலாம். வகை 1, வகை 2 என்று இந்தப் பரிசோதனையால் பிரித்துச் சொல்லவும் முடியாது. உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பேரிடம் வகை 1 இருக்கிறது. பெரும்பாலோருக்குச் சிறு வயதில் வீட்டுப் பெரியவர் கொடுத்த முத்தத்திலேயே வந்திருக்கும். அப்படி இருக்கும்போது ஒரு பெண்ணின் ரிப்போர்ட்டில் "ஹெர்ப்பிஸ் பாசிட்டிவ்" என்று அச்சடித்துக் கொடுத்தால் வீட்டில் என்ன நடக்கும்? கணவர் இணையத்தில் தேடுகிறார். பால்வினை நோய் என்று வருகிறது. ரிப்போர்ட்டும் கையுமாக லேப் வாசலில் நின்று, "இது இவளுக்கு எங்கிருந்து வந்தது சார்?" என்று கேட்ட கணவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் அந்தப் பெண் தலையைக் குனிந்து நிற்பார். அவர் செய்த தப்பு என்று ஒன்றும் கிடையாது. தேவையில்லாத ஒரு பரிசோதனை எழுதப்பட்டது, அவ்வளவுதான்.

சைட்டோமெகலோ இதைவிடக் கொடுமை. ஒருமுறை ஒரு பெண் தன் மாமியாரோடு வந்தார். முந்தைய வருடம், மூன்றாம் மாதத்தில் எடுத்த டார்ச்சில் சைட்டோமெகலோ ஐஜிஎம் பாசிட்டிவ். "குழந்தை ஊனமாகப் பிறக்கும்" என்று சொல்லிக் கருவைக் கலைத்துவிட்டார்கள். ஸ்கேனில் குறை ஏதும் இல்லை, காய்ச்சல் வந்ததில்லை. அடுத்த கர்ப்பத்துக்கு முன்னால் "வைரஸ் போய்விட்டதா" என்று பார்க்க அதே பேனலை மறுபடி எழுதி அனுப்பியிருந்தார்கள். ஐஜிஎம் இன்னும் பாசிட்டிவ்தான். சிலருக்கு இந்த ஐஜிஎம் மாதக்கணக்கில், அதற்கு மேலும் ரத்தத்தில் இருக்கும். சிலருக்கு வேறு தொற்றுக்கு எதிரான ஆன்டிபாடியே இந்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் காட்டிவிடும்.

அன்றைக்கே அதே ரத்தத்தில் ஐஜிஜி அவிடிட்டி பார்த்திருந்தால் விஷயம் தெரிந்திருக்கும். தொற்று புதிது என்றால் ஐஜிஜி வைரஸை இறுக்கமாகப் பிடிக்காது. மாதங்கள் போகப் போகப் பிடி இறுகும். பிடி தளர்வாக இருந்தால் கடந்த மூன்று, நான்கு மாதத்துக்குள் வந்த தொற்று. முதல் மூன்று மாதத்திலேயே பிடி இறுக்கமாக இருந்தால் கருத்தரிப்பதற்கு முன்பே வந்த பழைய தொற்று. நம் நாட்டுப் பெண்களில் பெரும்பாலோர் கல்யாணத்துக்கு முன்பே இந்த வைரஸைச் சந்தித்தவர்கள். ஆனால் ஒரு வருடம் கழித்து அவிடிட்டி பார்த்து என்ன பயன்? புதிதாக வந்த தொற்றும் அதற்குள் பழையதாகியிருக்கும். அந்த முதல் ரத்தம் எந்த லேபிலும் மிச்சமில்லை. "அப்போ போன குழந்தைக்கு நிஜமாவே நோய் இருந்துதா?" என்று அந்தப் பெண் கேட்டார். இனி யாராலும் சொல்ல முடியாது என்றுதான் சொல்ல முடிந்தது. கர்ப்பத்தில் முதல்முறையாகத் தொற்று வந்தாலும்கூட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கருவுக்குத்தான் அது போகும். அப்படித் தொற்றிய குழந்தைகளிலும் பத்தில் ஒன்றுக்குத்தான் பிறக்கும்போது அறிகுறி இருக்கும். இந்தக் கணக்கை யாரும் அந்தக் குடும்பத்துக்குச் சொல்லவில்லை.

சரி, எப்போது கேட்கலாம்? ஒரு குறிப்பிட்ட சந்தேகம் இருக்கும்போது. கர்ப்பிணிக்குக் காரணம் தெரியாத காய்ச்சலும் கல்லீரல் நொதி உயர்வும் இருக்கிறது, அல்லது ஸ்கேனில் கருவின் மூளையில் சுண்ணாம்புப் படிவு தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது சைட்டோமெகலோ ஐஜிஜி, ஐஜிஎம், அவிடிட்டி மூன்றையும் சேர்த்து எழுதுங்கள், சந்தேகத்துக்கான காரணத்தையும் சீட்டில் எழுதுங்கள். கருவுக்குத் தொற்று உண்டா என்று உறுதிசெய்யப் பனிக்குட நீரில் பிசிஆர் (வைரஸின் மரபணுவைத் தேடும் பரிசோதனை) பார்க்க வேண்டும். அதையும் 20 வாரத்துக்குப் பிறகு, தாய்க்குத் தொற்று வந்து சுமார் எட்டு வாரம் கடந்த பின் செய்தால்தான் நம்பலாம். ஐஜிஎம் ஒன்றை மட்டும் வைத்துக் கருவைப் பற்றி முடிவெடுக்கவே கூடாது.

சிம்ப்ளெக்ஸுக்கு ரத்தம் தேவையே இல்லை. முன்பு கொப்புளம் வந்ததுண்டா என்று கணவர் இல்லாதபோது பொறுமையாகக் கேளுங்கள். பிரசவ வலி வந்ததும் புண் இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கடைசி மூன்று மாதத்தில் தாய்க்கு முதல்முறையாகப் பிறப்புறுப்பு ஹெர்ப்பிஸ் வந்தால், சுகப்பிரசவத்தில் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 30 முதல் 50 சதவீதம். பழைய தொற்று திரும்ப வந்தவர்களில் அது 1 சதவீதத்துக்கும் கீழே. காரணம், அம்மாவின் ஐஜிஜி நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்க் காக்கிறது. வீட்டையே கலங்கடித்த அந்த ஐஜிஜி பாசிட்டிவ் உண்மையில் குழந்தைக்கு நல்ல செய்தி! முன்பு வந்தவர்களுக்கு 36-ஆம் வாரத்திலிருந்து அசைக்ளோவிர் கொடுப்பதும், வலி எடுக்கும்போது புண் இருந்தால் சிசேரியன் செய்வதும்தான் உண்மையான தடுப்பு.

பிறந்த குழந்தைக்கு ஐஜிஎம்

குழந்தைக்குச் சைட்டோமெகலோ சந்தேகம் என்றால் ரத்தத்தில் ஐஜிஎம் பார்க்காதீர்கள். தொற்று உள்ள பல குழந்தைகளை அது தவறவிட்டுவிடும். சிறுநீரில் அல்லது எச்சிலில் பிசிஆர், அதுவும் பிறந்த 21 நாளுக்குள். எச்சில் எடுப்பதாக இருந்தால் பால் குடித்து ஒரு மணி நேரம் போகட்டும், தாய்ப்பாலிலும் வைரஸ் வரும். எச்சில் பாசிட்டிவ் என்றால் சிறுநீரில் உறுதிசெய்யுங்கள். 21 நாள் தாண்டிவிட்டால் வயிற்றிலேயே வந்ததா, பிறந்த பிறகு வந்ததா என்று பிரிக்க முடியாது. பரம்பரை அல்லாத காரணங்களால் குழந்தைகளுக்கு வரும் நரம்புவழிக் காது கேளாமைக்கு முதல் காரணம் இந்த வைரஸ்தான். பிறந்தபோது காது நன்றாகக் கேட்ட குழந்தைக்கும் பின்னால் குறையலாம் என்பதால், பாசிட்டிவ் ஆன குழந்தைக்குச் சில வருடங்கள் காதைத் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும்.

மூளை அழற்சியில் முதல் பிசிஆர்

காய்ச்சல், திடீரென்று பேச்சு மாறுவது, வலிப்பு. எம்ஆர்ஐயில் டெம்போரல் மடலில் மாற்றம். முதுகுத் தண்டுவட நீரில் சிம்ப்ளெக்ஸ் பிசிஆர் நெகட்டிவ். உடனே அசைக்ளோவிரை நிறுத்திவிடுகிறார்கள். நோய் தொடங்கிய முதல் மூன்று நாட்களில் பிசிஆர் நெகட்டிவாக வரலாம். சந்தேகம் வலுவாக இருந்தால் மருந்தைத் தொடருங்கள், சில நாள் கழித்து மறுபடி நீர் எடுத்து அனுப்புங்கள். மருந்து கொடுக்காவிட்டால் பத்தில் ஏழு பேர் இறந்துபோகும் நோய் இது.

அக்கி எழுதிவிட்டு வந்தவரைத் திட்டுவது

கிராமங்களில் அக்கி வந்தால் குயவரிடம் போய்க் காவிமண்ணில் எழுதிக்கொள்வது இன்றும் உண்டு. அப்படி வந்த பெரியவரைத் திட்டி அனுப்பினால் அவர் அடுத்தமுறை மருத்துவமனைப் பக்கமே வரமாட்டார். "எப்ப ஆரம்பிச்சுது ஐயா?" என்று மட்டும் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்குவது நல்லது. அதைத் தாண்டினாலும் புதுக் கொப்புளம் வந்துகொண்டிருந்தால், கண் பக்கம் இருந்தால், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் என்றால் கொடுக்கத்தான் வேண்டும். மூக்கு நுனியில் கொப்புளம் இருந்தால் கண்ணுக்குப் போகும் அதே நரம்புக் கிளை பாதிக்கப்பட்டிருக்கிறது, அன்றே கண் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

அக்கிக்கு அசைக்ளோவிர் 400 மில்லிகிராம்

போதாது. 800, ஒரு நாளைக்கு ஐந்து முறை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் குறைக்க வேண்டும்.

சிவந்த கண்ணுக்கு ஸ்டீராய்டு சொட்டு

கருவிழியில் ஹெர்ப்பிஸ் புண் இருக்கிறதா என்று சாயமிட்டுப் பார்க்காமல் எழுதாதீர்கள்.

கொப்புளத்தின் மேல் தோலைத் துடைத்த ஸ்வாப்

புதிய கொப்புளத்தைத் திறந்து, அடியைத் தேய்த்து எடுங்கள்.

அமாக்சிசிலின் தடிப்பு

எப்ஸ்டீன் பார் தொண்டைக் காய்ச்சலில் இந்த ஆன்டிபயாடிக் கொடுத்தால் உடம்பெல்லாம் தடிக்கலாம். "பெனிசிலின் அலர்ஜி" என்று ஆயுளுக்கும் எழுதி வைத்துவிடாதீர்கள்.

கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்கு வாரிசெல்லா கேட்காமல் விடுவது

கர்ப்பத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டென்றால் அது இதுதான். சின்னம்மை வந்திருக்கிறதா? "அம்மை போட்டிருக்கு" என்று வீட்டில் நிச்சயமாகச் சொன்னால் போதும். சந்தேகம் இருந்தால் இங்கேதான் ஐஜிஜி உண்மையில் உதவும், ஏனென்றால் அந்த ரிப்போர்ட்டை வைத்துச் செய்ய ஒரு வேலை இருக்கிறது. நெகட்டிவ் என்றால் தடுப்பூசி போடலாம். ஜப்பானில் மிச்சியாகி தகாஹாஷி 1970-களில் உருவாக்கிய ஓகா வகை வைரஸிலிருந்து வருவது. பெரியவர்களுக்கு இரண்டு ஊசி, நான்கு முதல் எட்டு வார இடைவெளியில். உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ் என்பதால் கர்ப்பத்தில் போடக் கூடாது, கடைசி ஊசிக்குப் பிறகு ஒரு மாதமாவது கருத்தரிக்காமல் இருக்க வேண்டும். நம் அரசுத் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லை, காசு கொடுத்துத்தான் போட வேண்டும். டார்ச் பேனலுக்குச் செலவழிக்க வைத்திருக்கும் பணத்தை இதற்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.